பித்தளைக் குண்டானுக்கு ஈயம் பூசினேன், மூணாவது தடவைல ஒட்டிடுச்சு

ஒட்டிடுச்சுங்க! போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கொல்லைப்பக்கம் உக்காந்து குண்டானைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டே இருந்தேன், உள்பக்கம் முழுக்க புது எவர்சில்வர் மாதிரி இல்லாம, அதைவிட கொஞ்சம் மென்மையா, பால் கலந்த வெள்ளி மாதிரி ஒரு பளபளப்பு. விளிம்புக்குக் கீழ கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு இடம் மட்டும் இன்னும் மஞ்சளாவே நிக்குது, அதைக் கடைசில சொல்றேன்.

குண்டான் காரைக்குடில எடுத்தது. முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனவங்களுக்குத் தெரியும், ஒரு கடைக்குள்ள நுழைஞ்சா வெளிய வர ரெண்டு மணி நேரம் ஆயிடும், செட்டிநாட்டு வீடுகள்ல இருந்து வந்த கதவு, நிலை, பெல்ஜியம் கண்ணாடி, பீங்கான் ஜாடி, மரத்தொட்டின்னு கூரை வரைக்கும் அடுக்கி வெச்சிருப்பாங்க. நான் உண்மைல போனது ஸ்வீடன் எனாமல் தூக்கு தேடித்தான். திருச்சில இருந்து காலைல ரயிலேறிப் புதுக்கோட்டை வழியா போயிட்டு சாயங்காலம் திரும்பிடலாம்னு திட்டம். எனாமல் தூக்கு நிறைய இருந்துச்சு, ஆனா நல்லா இருந்ததெல்லாம் விலை கைக்கு எட்டல, எட்டினதெல்லாம் உள்பக்கம் எனாமல் பேந்து துரு ஏறிக் கிடந்துச்சு. அப்போதான் ஒரு மூலைல, பழைய கடிகாரப் பெட்டிக்கு அடில இந்தக் குண்டான். கருப்பா கிடந்துச்சு. தூக்கிப் பாத்தா நல்ல கனம், ரெண்டே முக்கால் கிலோ. விளிம்போரம் புள்ளி புள்ளியா உளியால வெட்டின எழுத்து, ரெண்டு இனிஷியல், ஒரு சின்ன பூ. யாரோ ஒரு ஆச்சிக்குச் சீரா வந்த பாத்திரம்னு நெனச்சதும் கீழ வைக்க மனசு வரல. "மூவாயிரத்து இருநூறு குடுங்க தம்பி"ன்னார் கடைக்காரர், "அண்ணே, உள்ள ஈயமே இல்லையே, இதுல எப்படி சமைக்கிறது"ன்னேன், கடைசில ரெண்டாயிரத்து நானூறுக்கு முடிஞ்சுது.

வாங்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன், கருப்பா அழுக்கா இருக்கறதையே எடுங்க. பாலிஷ் போட்டு தகதகன்னு வெச்சிருக்கற பல பாத்திரத்துல மேல லேக்கர்னு வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு அடிச்சிருப்பாங்க, அலமாரில வைக்கத் தோதுதான், ஆனா அடுப்புல வெச்சா அது கருகி நாறும், அதை உரிச்சு எடுக்கறது தனி வேலை.

சரி, ஈயம். பித்தளைல சாதம் பொங்கல் எல்லாம் வைக்கலாம், புளி, தக்காளி, மோர் பட்டா களிம்பு ஏறிடும், அதுக்குத்தான் உள்பூச்சு. முன்னாடியெல்லாம் "ஈயம் பூசலையோ"ன்னு தெருவுல கூவிட்டு வருவாங்க, எங்க தெருவுல அந்தக் குரல் கேட்டே பல வருஷமாச்சு. அதனால நானே பூசிப் பாத்துடலாம்னு இறங்கினேன்.

முதல் தடவை செஞ்ச தப்புதான் ரொம்ப முக்கியம், அதனால விவரமா சொல்றேன். ஒரு ஹார்டுவேர் கடைல "ஈயக்குச்சி"ன்னு கேட்டேன், குடுத்தாங்க, வாங்கிட்டு வந்துட்டேன். கேஸ் அடுப்புலயே வெச்சு சூடு பண்ணி தேய்ச்சா அவ்ளோ அழகா ஓடிச்சு, பத்து நிமிஷத்துல அடிப்பாகம் முழுக்க பூசியாச்சு. அம்மாவுக்குப் போட்டோ அனுப்பினேன். உடனே போன். "டேய், எந்த ஈயம் வாங்கின? வெள்ளீயமா காரீயமா?" அந்த ஒரு கேள்வில எனக்கு வயிறு கலங்கிடுச்சு. நாம பேச்சுல ரெண்டையும் ஈயம்னுதான் சொல்றோம், ஆனா வெள்ளீயம் (டின்) வேற, காரீயம் (லெட்) வேற. ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம். காரீயம் உடம்புக்குள்ள போனா விஷம், அதுவும் சின்னப் பசங்களுக்கு மூளை வளர்ச்சியையே பாதிக்கும். மிச்சம் இருந்த குச்சியை வெள்ளைப் பேப்பர்ல ஒரு இழுப்பு இழுத்துப் பாத்தேன், பென்சில்ல கோடு போட்ட மாதிரி சாம்பல் நிறத்துல கோடு விழுந்துச்சு. சால்டரிங் பண்றவங்க யூஸ் பண்ற கலப்பு அது, காரீயம் கலந்தது. அது 183 டிகிரிலயே இளகிடும், சுத்த வெள்ளீயம் இளக 232 டிகிரி வேணும், அவ்ளோ சுலபமா ஓடினப்பவே எனக்கு சந்தேகம் வந்திருக்கணும்.

யாராச்சும் இதைச் செய்யப்போறீங்கன்னா தயவுசெஞ்சு பேப்பர் சோதனை பண்ணாம ஆரம்பிக்காதீங்க. கோடு விழுந்தா அந்தக் குச்சி வேண்டாம். இன்னொண்ணு, சுத்த வெள்ளீயக் குச்சியைக் காதுகிட்ட வெச்சு மெதுவா வளைச்சா கறக் கறக்னு உள்ள நொறுங்கற மாதிரி ஒரு சத்தம் வரும். முதல் தடவை கேட்டப்போ குச்சி உடையுதுன்னே நெனச்சேன். இப்போ யார் வீட்டுக்கு வந்தாலும் வளைச்சுக் காட்டறேன். இந்தக் குச்சி பெரிய கடை வீதி பக்கம் பழைய பாத்திர வியாபாரம் பண்ற ஒரு பெரியவர்கிட்ட கிடைச்சுது, நூறு கிராம் நானூத்தி ஐம்பது ரூபாய். விலை அதிகம்தான், ஆனா இந்தக் குண்டானுக்கு அதுல கால்வாசி கூட ஆகல.

அப்புறம் பூசினதை எல்லாம் எடுக்கணுமே. பழைய பாத்திரத்துல ஏற்கனவே ஒட்டிட்டு இருந்த கருத்த பூச்சுலயும் என்ன கலந்திருக்கும்னு யாருக்குத் தெரியும், அதனால மொத்தமா உரிச்சேன். சூடு பண்ணி துணியால வழிச்சு எடுத்துட்டு, மிச்சத்தை 120 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 220, தண்ணி ஊத்தி ஈரத்துலயே தேய்ச்சேன், தூசி மூக்குல ஏறக்கூடாது. மாஸ்க் போட்டுட்டு மூணு நாள் சாயங்காலம். வழிச்ச துணி, தேய்ச்ச தாள் எல்லாம் தனியா கட்டி வெச்சிருக்கேன், வாழைக்கு ஊத்தற தண்ணில கலந்துடக்கூடாதுன்னு.

ரெண்டாவது தடவை சுத்த வெள்ளீயம், அதே கேஸ் அடுப்பு. ஓடவே இல்ல. அடில மட்டும் இளகி பாதரசம் மாதிரி குண்டு குண்டா உருண்டுச்சு, துணியால தேய்ச்சா ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் ஓடுது, ஒட்ட மாட்டேங்குது. பக்கச்சுவர்ல சூடே இல்ல, சுவர் சூடாகறதுக்குள்ள அடி அளவுக்கு மீறிக் காய்ஞ்சு ஈயம் மஞ்சளிச்சுப் பொருக்குத் தட்டிடுச்சு. ஒரு மணி நேரம் போராடிட்டு அடுப்பை அணைச்சேன். அன்னிக்கு ராத்திரி சரியா தூக்கமே வரல.

மறுநாள் அந்தப் பெரியவர்கிட்டயே குண்டானைத் தூக்கிட்டுப் போனேன். அவரு சின்ன வயசுல அவங்க அப்பாகூட ஊர் ஊரா போய் ஈயம் பூசினவராம். உள்பக்கம் விரலை வெச்சுத் தடவினார், "கையால தொட்டியா?"ன்னார். ஆமாங்க ஐயான்னேன். "தேய்ச்சதுக்கு அப்புறம் உள்ள கை படக்கூடாது தம்பி, விரல்ல இருக்கற பிசுக்கு போதும், அந்த இடத்துல ஒட்டாது." அப்புறம் கேஸ் அடுப்புன்னதும் தலையை ஆட்டினார், கரிதான், அதுவும் குண்டானைச் சாய்ச்சு சாய்ச்சு எல்லாப் பக்கமும் அனல் படணும்னார். கடைசியா சொன்னதுதான் எனக்கு வேதவாக்கு: "ஈயத்தைத் தள்ளாத. பஞ்சு முன்னாடி ஓடணும், ஈயம் பின்னாடி வரணும்."

மூணாவது தடவைக்கு இப்படித்தான் செஞ்சேன். முதல் நாள் ராத்திரி புளியும் கல்லுப்பும் கரைச்சு உள்ள ஊத்தி வெச்சேன், இது தேவையில்லாத வேலை, ராத்திரி முழுக்க ஊறினதுல அங்கங்க ரோஸ் கலர்ல திட்டு வந்துடுச்சு, புளிப்புல பித்தளைல இருக்கற துத்தநாகம் கரைஞ்சு மேலாக செம்பு மட்டும் நின்னிருக்கு. அரை மணி நேரம் போதும். அதை மறுபடி தேய்ச்சு எடுத்து, மணலும் தேங்கா நாரும் வெச்சு கையுறை போட்டுத் தேய்ச்சு, தண்ணி ஊத்தினா எங்கயும் முத்து முத்தா நிக்காம ஒரே பாயா வழியுதான்னு பாத்தேன். வழிஞ்சுது.

ஈயம் ஒட்டறதுக்குத் தூவற நவச்சாரம் (அமோனியம் குளோரைடு) நாட்டு மருந்துக் கடைல வாங்கினது. அது ஈரத்தை இழுத்துக் கட்டியாயிடும், போன தடவை அப்படியே தூவினதுல பட்டுனு தெறிச்சு கையில சுட்டுடுச்சு. இந்தத் தடவை ரெண்டு நாள் வெயில்ல காயவெச்சு அம்மில பொடிச்சேன், அந்த அம்மில இனிமே சமையலுக்கு எதுவும் அரைக்கப் போறதில்ல. துணிக்குப் பழைய வேட்டி, ஆனா சுத்த காட்டன் வேணும், பாலியஸ்டர் கலந்ததுன்னா உருகிப் பாத்திரத்துல ஒட்டிக்கும். அதுக்குள்ள பஞ்சு சுருட்டி வெச்சு கொறடுல பிடிச்சுக்கிட்டேன்.

கொல்லைல நாலு செங்கல் வெச்சு கரி அடுப்பு, ஊதறதுக்குக் கையால சுத்தற ப்ளோயர். சூடு சரியான பதத்துல இருக்கான்னு தெரிஞ்சுக்க ஒரு சுலபமான வழி இருக்கு, ஒரு சிட்டிகை நவச்சாரம் போட்டுப் பாருங்க. சூடு பத்தலன்னா பொடி அப்படியே கிடக்கும். சரியான சூடுன்னா விழுந்த நொடியே வெள்ளைப் புகை குப்னு கிளம்பும், பொடி பட்ட இடம் மட்டும் கழுவி விட்ட மாதிரி பளிச்னு ஆகும். அந்தப் புகைதான் மேல இருக்கற அழுக்கையும் கருப்பையும் கரைச்சு எடுக்குது, அந்த சில நொடிக்குள்ள ஈயம் பட்டாதான் ஒட்டும், விட்டா மறுபடி கருத்துடும். புகை மூக்கைப் பிடுங்கும், கண்ணு எரியும், வீட்டுக்குள்ள செய்யவே செய்யாதீங்க, காத்து முதுகுப் பக்கம் இருந்து வர்ற மாதிரி உக்காருங்க.

குச்சியை அடில ஒரு தடவை தொட்டேன், தானா இளகி ஒரு சொட்டு நின்னுச்சு. நவச்சாரத்துல தோய்ச்ச பஞ்சை அதுக்கு முன்னாடி வெச்சு அடில இருந்து விளிம்பு வரைக்கும் நிறுத்தாம ஒரே இழுப்பு. பெரியவர் சொன்ன மாதிரியே பஞ்சு போன வழில ஈயம் பின்னாடியே வந்துச்சு, மஞ்சள் மேல வெள்ளை ஏறறதைக் கண்ணால பாத்தேன்! உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு. அப்புறம் குண்டானைக் கொஞ்சம் திருப்பறது, நவச்சாரம், ஈயம், இழுப்பு. திருப்பறது, மறுபடி அதே. இருபது நிமிஷத்துல சுத்தி வந்துட்டேன். முடிச்சதும் தொட்டித் தண்ணில ஒரு முக்கு, சொய்ங்னு சத்தம்.

விளிம்புக்குக் கீழ மஞ்சளா நிக்கற இடம், திருப்பும்போது கையுறை வழுக்கி வெறும் விரல் பட்ட இடம். பெரியவர் சொன்னது எவ்ளோ உண்மைன்னு அதைப் பாக்கும்போதெல்லாம் தோணும். குழம்பு அவ்ளோ உயரம் வராதுங்கறதால இப்போதைக்கு அப்படியே விட்டிருக்கேன், அடுத்து கரி மூட்டும்போது அதை மட்டும் சரி பண்ணிடுவேன்.

முதல்ல அரிசி கழுவின தண்ணி ரெண்டு தடவை கொதிக்க வெச்சுக் கொட்டினேன், நேத்து தக்காளி ரசம் வெச்சாச்சு. தாளிப்பு மட்டும் தனிக் கரண்டில பண்ணிக் கொட்டினேன், வெறும் குண்டானை அடுப்புல காயவிட்டா இத்தனை பாடுபட்டுப் பூசினது இளகிடும். அம்மா ஒரு டம்ளர் குடிச்சுட்டு "இன்னும் கொஞ்சம் ஊத்து"ன்னாங்க. கழுவறதுக்கு தேங்கா நாரும் சாம்பலும்தான், கம்பி நார் கிட்டக்கூட வரக்கூடாதுன்னு வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்.

வெளிப்பக்கம் இன்னும் கரிப்புகையோட கருப்பாவே இருக்கு. பாதி புளி போட்டுத் தேய்ச்சிருக்கேன், அந்த எழுத்து வெட்டின இடத்துல அழுக்கைச் சுத்தமா எடுக்கறதா, கொஞ்சம் விட்டு வெச்சா எழுத்து எடுப்பா தெரியுமான்னு யோசனை, பழைய பல் தேய்க்கற பிரஷ் வெச்சு ஒரு எழுத்து மட்டும் எடுத்துப் பாத்தேன், விட்டு வெச்சதே அழகா இருக்கு. அடுக்களை ஜன்னல் பக்கம் இதுக்குன்னு ஒரு பலகை அடிக்கணும், தேக்குல அடிக்கலாம்னு இருந்தேன், இப்போ பலகைக்குப் பின்னாடி சுவர்ல ஆத்தங்குடிக் கல்லு ரெண்டு வரிசை பதிச்சா என்னன்னு தோணுது. கண்ணாடி மேல சாயக் கலவையை ஊத்தி, மேல மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணில ஊறவெச்சு எடுக்கறதை நேர்ல பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. அடுத்த மாசம் ஆத்தங்குடி போயிட்டு அப்படியே காரைக்குடி, அந்தக் கடைல ஒரு பித்தளைக் கங்காளம் பாத்து வெச்சிருக்கேன், வித்துப் போகாம இருக்கணும். பெரியவர்கிட்ட இன்னும் இருநூறு கிராம் வெள்ளீயம் சொல்லி வெச்சாச்சு.