எக்ஸ் மோட்டார் ரிப்பேருக்கு சர்டிஃபிகேட் வாங்கின கதை

மோட்டார் ரீவைண்டிங்ல எங்க ஒர்க்‌ஷாப்புக்கு வருஷக்கணக்கா அனுபவம் இருக்கு, அதனால எக்ஸ் மோட்டார், அதாவது வெடிக்கற கேஸ் இருக்கற இடத்துல ஓடற மோட்டார், ரிப்பேர் பண்ற ஒர்க்‌ஷாப்புக்கு குடுக்கற சர்வதேச சர்டிஃபிகேட்டான ஐஈசிஇஎக்ஸ் சர்வீஸ் ஃபெசிலிட்டி சர்டிஃபிகேட்டுக்கு அப்ளை பண்ணப்போ பயமே இல்ல, வைண்டிங்கத்தானே பாப்பாங்கன்னு இருந்தோம். ஆடிட்டர் வைண்டிங் பக்கம் சும்மா ஒரு பார்வை, அப்புறம் நேரா டெலிவரிக்கு ரெடியா நின்ன ஒரு ஃபிளேம்ப்ரூஃப் மோட்டார்கிட்ட போயிட்டாரு. "இது ரிப்பேருக்கு வந்தப்போ ஜாயிண்ட்ல கேப் எவ்வளவு இருந்துச்சு?"னு கேட்டாரு. முடிச்சப்புறம் எடுத்த அளவு இருக்கு, வந்தப்போ யாரும் எடுக்கல. முதல் என்.சி. (நான்-கன்ஃபார்மிட்டி, அதாவது ஆடிட்ல எழுதற குறை) அங்கயே விழுந்துச்சு.

ஃபிளேம்ப்ரூஃப்னா உள்ள வெடிக்கவே வெடிக்காதுன்னு இல்லீங்க. உள்ள வெடிச்சாலும் அந்தத் தீ ஜாயிண்ட் இடுக்கு வழியா வெளிய வர்றதுக்குள்ள சூடு தணிஞ்சிடணும், வெளிய இருக்கற கேஸ பத்த வைக்கக் கூடாது, அதுக்குத்தான் அந்த இடுக்க அவ்ளோ குறுகலா வச்சிருக்காங்க. எங்காளு என்ன பண்ணிருக்காரு, துரு போகட்டும்னு எமரி பேப்பர் போட்டு அந்த ஜாயிண்ட் பரப்ப பளபளன்னு தேய்ச்சு வச்சிருக்காரு! தேய்க்கத் தேய்க்க கேப் கூடும்ல. பாவம், நல்லா இருக்கட்டும்னு பண்ண வேலதான்.

எக்ஸ் இ மோட்டார்லயும், அதாவது தீப்பொறியோ அதிகச் சூடோ வராம பாத்துக்கற வகையிலயும், ஒண்ணு மாட்டுச்சு. கைல இல்லாத சைஸ் கம்பிக்கு பதிலா கிட்டத்தட்ட சமமா வேற சைஸ் போட்டிருந்தோம், சாதா மோட்டார்ல யாரும் கேக்க மாட்டாங்க, இதுல ரோட்டர் ஜாம் ஆனா எத்தன செகண்டுல சூடு எல்லைய தொடும்ங்கற கணக்கே மாறிடும்.

மீட்டர் காலிபரேஷன், புரொசீஜர் எழுதறதெல்லாம் அலுப்புதான், ஆனா முடிஞ்சிடும். ரிப்பேருக்கு பொறுப்பேத்துக்கற ரெஸ்பான்ஸிபிள் பர்சனுக்கான இன்டர்வியூலதான் எனக்கு வேர்த்துப் போச்சு, எக்ஸ் ரிப்பேருக்கான ஸ்டாண்டர்டு ஐஈசி 60079-19 புக்க பக்கத்துலயே வச்சுட்டு ஆடிட்டர் கேட்டாரு.

என்.சி. எல்லாம் மூடி சர்டிஃபிகேட் வந்துச்சு. வந்ததும் புது தலைவலி. மோட்டாரோட சொந்த சர்டிஃபிகேட் டிராயிங்படியோ மேனுஃபாக்சரர் ஸ்பெக்படியோ ரிப்பேர் பண்ணா மோட்டார் பிளேட்ல சதுரத்துக்குள்ள ஆர்னு குத்தணும், அது கிடைக்காம ஸ்டாண்டர்டுக்கு மட்டும் ஒத்துப்போனா தலைகீழ் முக்கோணத்துக்குள்ள ஆர். பழைய மோட்டாருக்கு டிராயிங் யார் தருவா? முக்கோணம் குத்தின பிளேட்ட பாத்துட்டு ஒரு கஸ்டமர், "சர்டிஃபிகேட் வாங்கறதுக்கு முன்னாடி இதெல்லாம் இல்லாமதானே குடுத்தீங்க"ன்னு கேட்டாரு. என்னத்த சொல்ல.