மைலோமா ரத்தமும் சிபிசி மெஷினும்: ஆய்வக நாட்குறிப்பு

3 ஜூன் 2024, திங்கள்

மைலோமா (பிளாஸ்மா செல்களில் வரும் புற்றுநோய்) நோயாளியின் சிபிசி (ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை). ஹீமோகுளோபின் 11.2, பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைக்கும் பங்கு, சதவீதத்தில்) 28. ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் ஏறக்குறைய பிசிவி வர வேண்டும். இங்கே 33-ஐத் தாண்டுகிறது. எம்சிஎச்சி (சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபினின் செறிவு) 40. சிவப்பணுவுக்குள் அவ்வளவு ஹீமோகுளோபின் அடங்காது.

காரணம் பாராபுரோட்டீன், மைலோமா செல்கள் சுரக்கும் புரதம். அணுக்களை உடைக்கும் திரவத்தில் அது திரிந்து கலங்கலாகிறது. கலங்கல் மறைத்த ஒளியையும் மெஷின் ஹீமோகுளோபின் கணக்கில் சேர்த்துவிடுகிறது. ட்யூபைச் சுழற்றி, மேலே தெளிந்த பிளாஸ்மாவை அளந்து எடுத்து, அதே அளவு சலைன் (உப்புக் கரைசல்) விட்டு, நன்றாகக் கலந்து மறுபடி ஓட்டியதில் 9.3. எம்சிஎச்சி 33. மைலோமாவில் ரத்தசோகைக்கு வைத்திருக்கும் கோடு 10. முதலில் வந்த 11.2 அப்படியே ரிப்போர்ட்டில் ஏறியிருந்தால், சோகை யார் கண்ணிலும் பட்டிருக்காது.

4 ஜூன், செவ்வாய்

அதே ரத்தத்தின் ஸ்மியர் (கண்ணாடி ஸ்லைடில் மெல்லிதாக இழுத்த ரத்தம்). லீஷ்மேன் சாயம் ஏற்றியதும் பின்னணியே வெளிர்நீலம். புரதம் சாயத்தைப் பிடித்திருக்கிறது. சிவப்பணுக்கள் காசு அடுக்கினாற்போல. தடித்த பகுதியில் யார் ரத்தமும் இப்படித்தான் தெரியும். அணுக்கள் தொட்டும் தொடாமலும் கிடக்கும் இடத்தைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். ஒரு சொட்டு சலைன் கலந்தால் அடுக்கு கலையும். கலையாமல் கட்டியாகவே நின்றால் அக்ளூட்டினேஷன் (அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது); ட்யூபை 37 டிகிரியில் வைத்து, சூடு ஆறுமுன் ஓட்டவும்.

7 ஜூன், வெள்ளி

போர்டிசோமிப் என்ற மைலோமா ஊசி போடும் நோயாளி, சுற்றின் 11ஆம் நாள். பிளேட்லெட் 61,000. 1, 4, 8, 11ஆம் நாட்களில் ஊசி போடும் 21 நாள் சுற்றில், 11ஆம் நாள் வாக்கில் எண்ணிக்கை அடிமட்டத்துக்கு இறங்கி, ஓய்வு நாட்களில் ஏறும். போன சுற்றின் இதே நாளோடு ஒப்பிட வேண்டும். முதல் நாளோடு ஒப்பிட்டால் வீண் பயம். அடுத்த சுற்று தொடங்கும்போதும் ஏறாவிட்டால்தான் கவலை.

ஸ்லைடின் வால் ஓரத்தில் பிளேட்லெட் கொத்துகள் இருக்கிறதா? இருந்தால் எண் பொய். சிட்ரேட் ட்யூபில் எடுத்து, அதிலுள்ள திரவம் ரத்தத்தை நீர்க்கச் செய்வதால், வருவதை 1.1ஆல் பெருக்கவும்.

10 ஜூன், திங்கள்

லெனலிடோமைடு என்ற மைலோமா மாத்திரை சாப்பிடும் நோயாளி. வெள்ளையணு 2,400, நியூட்ரோபில் (தொற்றை எதிர்க்கும் வெள்ளையணு வகை) 38%: ஆக 912. ஆயிரத்துக்குக் கீழே போனால் மருந்தை நிறுத்தி வைப்பார்கள். அச்சாகும்வரை காத்திராமல் வார்டுக்குப் போன். இன்றைய மாத்திரை உள்ளே போகுமுன் தகவல் சேர வேண்டும்.

12 ஜூன், புதன்

வேறொரு மைலோமா ஸ்லைடு. 200 வெள்ளையணு எண்ணியதில் பிளாஸ்மா செல் 11. ஓரம் ஒதுங்கிய உட்கரு, அடர்நீல உடல், உட்கருவை ஒட்டி வெளிறிய பிறை. மெஷின் இவற்றைத் தனியே காட்டவே இல்லை. சர்வதேச மைலோமா பணிக்குழு 2021இல் பிளாஸ்மா செல் லுகீமியாவின் (பிளாஸ்மா செல்கள் ரத்தத்திலும் பெருகும் தீவிர நிலை) எல்லையை 20%இலிருந்து 5%ஆக இறக்கியது. இங்கே 5.5%. இன்னொருவர் தனியாக எண்ணினார்: 12. டாக்டருக்குச் சொல்லியாயிற்று, மீதி ரத்தம் செல்களின் வகையை அடையாளம் காணும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு.