திண்ணை இல்லாத ஊரில் பக்கவாதம்

மலேசியாவில், பக்கவாதத்துக்கு ஈப்போ ஆஸ்பத்திரியில் படுத்திருந்துவிட்டு சுங்கை சிப்புட் ஊருக்குத் திரும்புகிறவர் கையில் ஓர் அட்டை இருக்கும். அடுத்த ஃபிசியோ தேதி வாரக்கணக்கில் தள்ளிப் போயிருக்கும். தமிழ்நாட்டிலிருந்து வந்த நம்மவர்களுக்குச் சுருக்கென்று தைப்பது அதுதான்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஃபிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். தினமும் வருவதில்லைதான். இங்கிலாந்தின் 2023 வழிகாட்டுதலோ நாளுக்கு 3 மணி நேரம், வாரத்தில் 5 நாள் பயிற்சி வேண்டும் என்கிறது. இங்கே காசைக் குறை சொல்ல முடியாது, குடிமக்களுக்கு மட்டும்: அரசு ஆஸ்பத்திரி நிபுணர் பிரிவில் ஒரு தடவைக்கு 5 ரிங்கிட். வேலை பெர்மிட்டில் இருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) கட்டியவர் தகுதி பெற்றால் துன் ரசாக் மறுவாழ்வு மையத்தில் பயிற்சி கிடைக்கும். ஆனால் அது இருப்பது மலாக்காவில். பக்கத்துத் தோட்டத்துக்கே பஸ் பார்க்க வேண்டிய வீட்டுக்கு மலாக்கா எங்கே!

முதல் மூன்று மாதம்தான் மீட்சி வேகமாக நடக்கும். அதை அட்டைத் தேதிக்காகக் காத்திருந்து கழிப்பதுதான் பெரிய நஷ்டம்.

ஊர் பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். கோயில் இருக்கிறது, தமிழ்ப்பள்ளி இருக்கிறது, மீன்குழம்பும் கிடைக்கிறது. திண்ணைதான் இல்லை. உட்கார்ந்து எழும் பயிற்சிக்கு அதைவிடத் தோதான சாமான் கிடையாது: அசையாது, வழுக்காது, போகிற வருகிறவர்கள் “இன்னொரு தரம் எந்திரிங்க பெரியப்பா” என்பார்கள்.

இங்கே பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், சறுக்கும். கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். உயரம் முதலில் முழங்காலுக்குச் சற்று மேலே. தேறத் தேறக் குறைக்கலாம். பாதம் தரையில் பதிய, முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். நெஞ்சை முன்னே கொண்டுவந்து எழ வேண்டும். பலமில்லாத காலைக் கொஞ்சம் பின்தள்ளி வைத்தால்தான் பாரம் அதில் இறங்கும். இல்லாவிட்டால் நல்ல கால் மொத்த வேலையையும் பிடுங்கிக்கொள்ளும். பலமில்லாத பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

கையைப் பிடித்து மட்டும் தூக்காதீர்கள். தசை தளர்ந்த தோளில் மூட்டு இறங்கிவிடும், பிறகு வலியில் கையைத் தொடவே விடமாட்டார். எண்ணெய் போட்டு இழுத்து நீவினாலும் இதே கதைதான். உட்காரும்போது முழங்கைக்கு அடியில் தலையணை கொடுங்கள்.

புறா ரத்தம் தேய்க்கலாம் என்று யோசனையோடு வரும் மாமாவுக்கு ஒரு தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் டீ) கொடுத்து, எத்தனை தரம் எழுந்தார் என்று எண்ணச் சொல்லுங்கள்.