பக்கத்து வீட்டு டங் டங்

ஜூன் 2

வந்து சேர்ந்தாயிற்று. தெருவின் கடைசி வீடு. நாவல் ஏழாவது அத்தியாயத்தில் படுத்துக் கிடக்கிறது. சத்தம்தான் காரணம் என்று பதிப்பாளரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எழுத்தாளர் தாமஸ் கார்லைல் 1853இல் லண்டன் வீட்டு மாடியில் சத்தம் புகாத அறையே கட்டினார். அக்கம்பக்கத்துச் சேவல்களும் பியானோவும் அவரை அந்தப் பாடு படுத்தின. கட்டி முடித்தும் சத்தம் ஓயவில்லை, பாவம் மனுஷன். வீடு மாற்றுவது எவ்வளவோ மேல்.

ஜூன் 4

பியானோ! கார்லைலை எழுதிய வேளை. பாட்டு வாசித்தாலாவது கேட்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் ஒரே கட்டையைத் தட்டுகிறார். டங். டங். காலை முழுக்க டங்.

ஜூன் 5

சண்டைக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தால், வாசலில் அவரே நிற்கிறார்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். உங்க கீபோர்டு சத்தம் கொஞ்சம் இடைஞ்சலா இருக்கு."

எனக்குப் பேச்சே வரவில்லை. பழைய பியானோக்களைப் பழுது பார்த்துச் சுருதி சேர்ப்பவராம். எழுதும்போது வரும் சத்தம் வேறு, அழிக்கும்போது ஒரே பட்டனைப் படபடவென்று அடிப்பது வேறு என்று விளக்கம் வேறு கொடுத்தார். "இன்னைக்கு அழிச்சதுதான் அதிகம் போல?"

கதவைச் சாத்திவிட்டேன். அவர் சொன்னது உண்மை என்பதுதான் எரிச்சல்.

ஜூன் 9

சமாதானம்: காலை அவருக்கு, பிற்பகல் எனக்கு. அப்புறம் வேடிக்கை பார்க்கப் போனேன். 88 கட்டைகள். நடுக்கட்டைகளுக்கு ஆளுக்கு மூன்று கம்பி. ஒன்றைக் கம்பளித் துண்டால் அடக்கிவிட்டு மற்ற இரண்டையும் ஒலிக்க விட்டார். வவ்... வவ்... என்று ஓர் அலைச்சல். கம்பியை முறுக்கும் சாவியைத் துளி நகர்த்தினார், வேகம் குறைந்தது. இன்னும் துளி. சட்டென்று இரண்டும் ஒன்றாகிவிட்டன. மூச்சு விடக்கூட மறந்திருந்தேன்.

"ச-ப பொருத்தத்தை மட்டும் வேணும்னே ஒரு மயிரிழை விட்டுவைப்போம். அதை முழுசா சேர்த்தா மத்த சுரமெல்லாம் இடிக்கும்" என்றார். என் கதாநாயகன் இப்படிப் பேசினால் எடிட்டர் வெட்டிவிடுவார். இவர் பேசும்போது நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 16

ஜான் கேஜ் கதை சொன்னார். 1951 வாக்கில் ஹார்வர்டில், எதிரொலியே இல்லாத அறைக்குள் போன அந்த இசையமைப்பாளருக்கு இரண்டு சத்தம் கேட்டதாம். ஒன்று அவருடைய ரத்த ஓட்டம் என்றார்களாம். பதிலுக்குக் கார்லைல் கதை சொன்னேன். சிரித்துவிட்டு, கார்லைலைப் படுத்திய பியானோக்காரர் பக்கமே நின்றார்.

ஜூன் 23

வேலையாக வெளியூர் போயிருக்கிறார். டங் இல்லை. பொய் சொல்வானேன், எட்டாவது அத்தியாயம் பிய்த்துக்கொண்டு ஓடியது. "இன்னைக்கு அழிக்கவே இல்லை" என்று பீற்றிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

ஜூன் 27

வந்துவிட்டார். பையைக்கூட இறக்காமல், "எத்தனை பக்கம்?" என்றார். சொன்னேன். அவர் சுருதி சேர்த்த பியானோவில் சனிக்கிழமை கச்சேரியாம், வருகிறீர்களா என்றார்.

"எனக்கு இசை தெரியாதே."

"நானும் பாட்டுக் கேக்கப் போகலை. சுருதி நிக்குதான்னு பயந்துகிட்டே உக்காந்திருப்பேன். பக்கத்துல ஆள் இருந்தா தேவலை."

சரி என்று சொல்லிவிட்டேன். என் செருப்பு நடந்தால் கீச்சிடும். சனிக்கிழமைக்குள் வேறு வாங்க வேண்டும். அந்தக் காதுக்குப் பக்கத்தில் இதைப் போட்டுக்கொண்டு போக முடியாது.