பூச்சி மாத்திரை கொடுத்தும் புழு திரும்பி வந்தால்

"போன மாசம்தான் நாய்க்குப் பூச்சி மாத்திரை கொடுத்தோம் டாக்டர், மறுபடியும் புழு போகுது." ஊட்டியோ கோத்தகிரியோ கூடலூரோ, நீலகிரியில் எந்தக் கால்நடை மருந்தகத்திலும் காதில் விழும் பேச்சு இது. அடுத்த வரியும் தெரிந்ததுதான்: "வேற நல்ல மாத்திரையா எழுதுங்க." மாத்திரையை மாற்றும் முன் ஒரு கேள்வி இருக்கிறது. கொடுத்து எத்தனை நாளில் திரும்பியது? புழு எங்கிருந்து வருகிறது என்பதைப் பெரும்பாலும் அந்த இடைவெளியே சொல்லிவிடும்.

மூன்று வாரம் கழித்து ஆசனவாயைச் சுற்றியோ படுக்கும் சாக்கிலோ அரிசி போன்ற துண்டுகள் தெரிந்தால் அது நாடாப்புழு. புதிதாக விழுந்த துண்டு சுருங்கி விரிந்து நகரும். காய்ந்ததும் மஞ்சளித்துச் சிறுத்துவிடும். நாடாப்புழு மருந்தான பிராசிகுவாண்டல் கிலோவுக்கு 5 மில்லிகிராம் உள்ளே போனாலே இருக்கிற புழு செத்துவிடும். மருந்தில் குறை இல்லை. ஆனால் வீடுகளில் அதிகம் காணும் நாடாப்புழுவின் இளம்பருவம் வளர்வது தெள்ளுப்பூச்சியின் உடம்புக்குள். அரிப்பில் கடிக்கும் நாய் ஒரு தெள்ளை விழுங்கினால் போதும், மறுபடி புழு வந்துவிடும்.

"இந்தக் குளிர்ல தெள்ளு எங்கிருந்து வரும்?" என்று கேட்பார்கள். வெளியே உறைபனி கொட்டினாலும் நாய் படுப்பது அடுப்படியில். அந்தக் கதகதப்பு தெள்ளு பெருகப் போதும். வாலடி முதுகைப் பேன் சீப்பால் வாரி, விழும் கறுப்புத் துகளை ஈரப் பஞ்சில் வையுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம். அப்போது வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும் பூனைக்கும் ஒரே சமயத்தில் தெள்ளு மருந்து போட வேண்டும். தெள்ளின் கூட்டுப்புழுக்கள் தரை இடுக்கில் வாரக்கணக்கில் காத்திருப்பதால், குறைந்தது 3 மாதம் விடாமல் தொடர வேண்டும். பழைய சாக்கைக் கொதிநீரில் ஊறவைத்துத் துவையுங்கள், முடிந்தால் மாற்றிவிடுங்கள். நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் மருந்தைப் பூனைமேல் மட்டும் போடவே கூடாது, உயிருக்கே ஆபத்து.

மாத்திரை கொடுத்து 10, 14 நாளிலேயே மலப் பரிசோதனையில் முட்டை தெரிந்தால் கதை வேறு. முதலில் பார்க்க வேண்டியது எடை. பிராசிகுவாண்டல், பைரான்டல், ஃபெபன்டல் மூன்றும் சேர்ந்த மாத்திரை பொதுவாக 10 கிலோவுக்கு ஒன்று. 18 கிலோ நாயை "பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும்" என்று சொல்லி ஒன்று கொடுத்தால் பாதி மருந்துதான் போயிருக்கும். நாயைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துப் பாருங்கள். சோற்றில் வைத்த மாத்திரையை நாய் கொல்லைப்புறத்தில் துப்பிவிட்டு வருவதும் அடிக்கடி நடப்பது.

எடை சரி, மாத்திரையும் உள்ளே போனது, ஆனாலும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை முட்டை வருகிறது என்றால், பெரும்பாலும் குடலில் ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு. மலைநாட்டில் எங்களுக்கு மிகவும் கவலை தருவது இதுதான். இதன் இளம்புழுக்களில் ஒரு பகுதி குடலுக்குப் போகாமல் தசைக்குள் உறங்கும். குடலில் இருப்பவை செத்ததும் இவை கிளம்பி அந்த இடத்தைப் பிடிக்கும். ஒரு மாத்திரையோடு நிறுத்தினால் தோல்விதான். மருத்துவர் சொல்லும் இடைவெளியில், பல சுற்று கொடுத்தாக வேண்டும். மேலுதட்டைத் தூக்கி ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி விடுங்கள். இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். ஈறு காகிதமாய் வெளுத்திருந்து, மலமும் தார்போலக் கறுத்திருந்தால், குறிப்பாகக் குட்டிக்கு, மாத்திரையோடு வீட்டில் காத்திருக்காதீர்கள். ரத்தம் ஏற்ற வேண்டி வரலாம். அந்த நிலையில் பூண்டு அரைத்துக் கொடுப்பது இன்னும் கெடுதல். பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை.

கொக்கிப்புழு மண்ணிலிருந்து பாதத் தோலைத் துளைத்தும் ஏறும். கூடலூர், பந்தலூர் பக்கத்து வெப்பத்திலும் மழை ஈரத்திலும், நிழலான கொல்லையில் கிடக்கும் மலத்திலிருந்து ஒரு வாரத்துக்குள் தொற்றும் புழு தயார். அதனால்தான் மலத்தைத் தினமும் அள்ளச் சொல்கிறோம். வெயில் பட்டு மண் காய்ந்தால் அந்தப் புழு சாகும், ஊட்டி உறைபனியிலும் சாகும். உருண்டைப்புழுவின் முட்டை அப்படியில்லை. குளிரில் வளராமல் நிற்குமே தவிர, ஆண்டுக்கணக்கில் மண்ணில் உயிரோடு இருக்கும். ப்ளீச்சிங் பவுடர் அதைக் கொல்லாது. சிமென்ட் தரைக்குக் கொதிநீர்தான் வழி. அள்ளிய மலத்தைக் காரட் பாத்திக்கோ எருக்குழிக்கோ போடாதீர்கள், ஆழமாகப் புதையுங்கள். குழந்தைகள் அந்த மண்ணில் வெறுங்காலோடு நடக்கவும் விடாதீர்கள்.

குட்டிகளுக்கு மண்கூட வேண்டாம். உருண்டைப்புழு கருவிலேயே தாயிடமிருந்து வந்துவிடும், கொக்கிப்புழு தாய்ப்பாலில் வரும். 2, 4, 6, 8 வாரங்களில் மருந்து, பிறகு 6 மாதம் வரை மாதம் ஒருமுறை. ஒவ்வொரு ஈற்றுக்கும் குட்டிகள் சாகும் பெட்டைக்கு, சினையின் 40ஆம் நாள் முதல் ஈன்று 14 நாள் வரை கிலோவுக்கு 25 மில்லிகிராம் ஃபென்பென்டசோல் என்ற புழு மருந்தைத் தினமும் கொடுக்கும் முறை உண்டு. மருத்துவரிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

மூன்று மாதம் நன்றாக இருந்து பிறகு சளியும் ரத்தமுமாகக் கழிந்தால் சாட்டைப்புழுவை நினையுங்கள். முட்டையிட அதற்கு ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகும். ஆகவே மூன்று வாரத்திலும், பிறகு மூன்றாம் மாதத்திலும் மருந்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும். ஆட்டிறைச்சிக் கடையிலிருந்து வாங்கும் ஈரல், நுரையீரல் கழிவை வேகவைக்காமல் போடும் வீடுகளில் வேறு நாடாப்புழுக்களும் வரும். அவற்றில் ஒன்று எளிதில் கண்ணில் படாத அளவு சிறியது, மனிதர் ஈரலில் நீர்க்கட்டி வளர்ப்பது.

பரிசோதனைக்கு அன்று காலை விழுந்த மலத்தில் ஒரு டீஸ்பூன் போதும். மண்ணைத் தொடாத மேல்பகுதியை எடுத்து மூடியுள்ள டப்பாவில் கொண்டுவாருங்கள். நேற்றையதை எடுத்தால் மண்ணில் வாழும் புழுக்களும் கலந்து, பார்ப்பவரைக் குழப்பும். நாடாப்புழுத் துண்டு கிடைத்தால் தனியாக, ஈரமாக வைத்துக் கொண்டுவாருங்கள். அதன் முட்டை மலப் பரிசோதனையில் பெரும்பாலும் சிக்காது. கூடவே, கடைசியாகக் கொடுத்த மாத்திரையின் அட்டையும், கொடுத்த தேதியும்.