எந்த மதிலில் ஒட்டினார்களோ

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்த அன்றே அம்மா வேண்டிக்கொண்டுவிட்டாள்: இவர் தன் காலால் நடந்து வந்து ஸ்ரீரங்கம் ரங்கநாதரைச் சேவிக்க வேண்டும். ஆனி கேட்டைக்கு முன்னால் போய்விட வேண்டும், அப்புறம் பெருமாள் மேனிக்குத் தைலக்காப்பு சாத்திவிடுவார்கள், திருவடி சேவை கிடைக்காது என்று நச்சரிப்பு வேறு. அப்பாவோ ஜூன் 16தான் என்று பிடிவாதம். நல்லவேளை, இரண்டும் ஒத்துவந்தன.

திருவையாற்றிலிருந்து கல்லணை வழியாகப் போனோம். மேட்டூர்த் தண்ணீர் வந்து சேர்ந்திருந்தது. ஸ்ரீரங்கத்தின் 'அம்மா மண்டபம்' படித்துறையில் இறங்கியதுமே தர்ப்பணம், சங்கல்பம் என்று நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். அப்பா பக்கத்தில் நிற்கும்போதே ஒருவர் என்னிடம், "அப்பா பேர் சொல்லுங்க, எள்ளு தண்ணி விட்டுடலாம்" என்றார். அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அப்பாவின் ஜூன் 16க்குக் காரணம் சின்ன மருது. கும்பினியை, அதாவது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியை, விரட்ட எல்லா சாதியாரும் முஸ்லிம்களும் ஒன்றுசேர வேண்டும் என்று 1801இல் அதே தேதியிட்டு அவர் வெளியிட்ட அறிக்கையை, திருச்சிக் கோட்டையில் நவாப் மாளிகைச் சுவரிலும் இந்தக் கோயில் மதிலிலும் ஒட்டினார்கள். கிழிப்பவனுக்குப் பஞ்சமாபாதகம் சேரும் என்று கடைசியில் எழுதியிருந்ததாம். "நம்ம தஞ்சாவூர் ராஜா 1799லேயே ராஜ்யத்தைக் கும்பினிக்கு எழுதிக் கொடுத்துட்டார். சிவகங்கைக்காரர் இங்க வந்து ஒட்ட வேண்டியிருந்தது" என்று வழியெல்லாம் அங்கலாய்ப்பு. 1801 அக்டோபர் 24ஆம் தேதி மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும்.

எந்த மதில்? ஏழு பிராகாரம் இருக்கிறதே! அப்பா ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார். இப்போது 236 அடி நிற்கிற ராஜகோபுரம் அன்றைக்கு மொட்டைக் கோபுரம். 1987இல்தான் முடிந்தது. ஒரு சுவரில் 'நோட்டீஸ் ஒட்டாதீர்' என்று நீல பெயின்டில் எழுதியிருந்தது. அதன் மேலேயே டியூஷன் சென்டர் நோட்டீஸ், பாதி கிழிந்து. "கிழிச்சவனுக்குப் பாவம்தான்" என்று சிரித்தார் அப்பா.

வரிசையில் இரண்டரை மணி நேரம். முன்னால் ஒரு குடும்பம் கம்பிக்கு அடியில் புகுந்து புகுந்து போனது. அப்பாவின் நெற்றியெல்லாம் வியர்வை. உட்காருங்க என்றால் கேட்கவில்லை. எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது.

உள்ளே போனோம். பட்டர் கையிலிருந்த தீபம் திருமுகத்திலிருந்து மெல்ல நகர்ந்து திருவடிக்கு வந்தது. "நகருங்க, நகருங்க" என்று தோளைத் தள்ளிக்கொண்டிருந்தவர், அப்பாவைப் பார்த்ததும் ஏனோ கையை எடுத்துவிட்டார். "பெரியவர் நிக்கட்டும்." எத்தனை நொடி என்று தெரியாது. காலையிலிருந்து ஓயாமல் பேசியவர் வாய் திறக்கவில்லை. கை கூப்பக்கூட இல்லை, நெஞ்சின் மேல் வைத்தபடி நின்றார். எனக்குப் பெருமாளும் தெரியவில்லை, கண்ணெல்லாம் நீர். ரங்கா, நீ தந்த உயிர்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள்: "என்னங்க வேண்டிக்கிட்டீங்க? மருதுக்குத்தானே?"

"ஒண்ணுமே கேக்கத் தோணலடி" என்றார் அப்பா. கையில் துளசி கசங்கியிருந்தது.