சொல்லாமல் விட்ட இடங்கள்

1 ஜூன் 2025, ஞாயிறு

பொன்னியின் செல்வனில் எனக்குப் பிடித்த பாகம் ஐந்தாவதுதான். இன்று மறுபடி எடுத்து, கடம்பூர் மாளிகை வரும் அத்தியாயங்களை மட்டும் நிறுத்தி நிதானமாகப் படித்தேன். கரிகாலனும் நந்தினியும் பேசிக்கொண்டே போகிறார்கள். ஒளிந்திருக்கும் வந்தியத்தேவனோடு சேர்ந்து நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறோம். சரியாக அந்த நேரம் பார்த்து இருள் சூழ்ந்துவிடுகிறது. வெளிச்சம் வரும்போது கரிகாலன் உயிரோடு இல்லை.

யார் குத்தினார்கள்? பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது. பெரிய பழுவேட்டரையரோ நான்தான் என்கிறார். இத்தனைக்கும் சோழர் காலத்து உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசனையும் அவன் சகோதரர்களையும் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று பெயர் சொல்லியே குறிக்கிறது. அந்தக் கல்வெட்டைப் பிடித்துக்கொண்டு கல்கி சுலபமாகக் கதையை முடித்திருக்கலாம். செய்யவில்லை. 1950 முதல் 1954 வரை வாரா வாரம் காத்திருந்து படித்தவர்களுக்குக்கூட நேரான பதிலைத் தரவில்லை. அந்தத் துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நாவலை மூடிய பிறகும் அந்த அறையை விட்டு என்னால் வெளியே வர முடிவதில்லை.

4 ஜூன், புதன்

இன்று பிரேக்கிங் பேட் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். மூன்றாவது சீசனில் வரும் ஈ எபிசோட். (இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடுங்கள்.)

2010இல் வந்தது, இயக்கம் ரையன் ஜான்சன். பட்ஜெட் கையைக் கடித்ததால் போதைப்பொருள் தயாரிக்கும் ஒரே ஆய்வகத்துக்குள், பெரும்பாலும் இரண்டே நடிகர்களை வைத்து எடுத்த எபிசோட். ஒரு ஈயைத் துரத்துவதைத் தவிர இதில் ஒன்றுமே நடக்கவில்லை என்று பலர் சலித்துக்கொள்வார்கள். ரசிகர்கள் போடும் மதிப்பெண்ணிலும் இது கடைசி வரிசைதான். என்னைக் கேட்டால் மொத்தத் தொடரிலும் இதற்கு மிஞ்சியது இல்லை.

கூட்டாளி வால்ட்டின் காபியில் ஜெஸ்ஸி தூக்க மாத்திரையைக் கலந்துவிடுகிறான். அப்புறம் ஈயை அடிக்க ஏணி மேல் ஏறுகிறான். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, கண் சொருக வால்ட் நிற்கிறார். ஜெஸ்ஸியின் காதலி ஜேன் செத்த இரவைப் பற்றிப் பேச்சு வருகிறது. அவள் சாவதைப் பார்த்துக்கொண்டே சும்மா நின்றவர் அவர் என்பது நமக்குத் தெரியும், ஜெஸ்ஸிக்குத் தெரியாது. ஜேன் விஷயத்தில் வருத்தமாக இருக்கிறது என்பது வரைக்கும் வந்துவிடுகிறார். இன்னும் ஒரு வாக்கியம் வந்தால் போதும், எல்லாம் உடைந்துவிடும். அது வரவில்லை. ஏணியின் மேல் நிற்கும் அந்தப் பையன் தலைக்கு மேல் என்ன தொங்குகிறது என்று தெரியாமல் ஈயையே பார்த்துக்கொண்டிருக்கிறான். துப்பாக்கிச் சண்டைக் காட்சிகளில்கூட எனக்கு இப்படிக் கை வியர்த்தது கிடையாது.

5 ஜூன், வியாழன்

விளையாட நேரமில்லை. ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் குறிப்பேட்டை மட்டும் புரட்டினேன். லூகாஸ் போப் 2018இல் வெளியிட்ட கணினி விளையாட்டு. ஆளில்லாமல் திரும்பி வந்த கப்பலில் அறுபது பேருக்கு என்ன ஆனது என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். தூங்கும் தூளியில் தொங்கும் எண், காலில் போட்டிருக்கும் செருப்பு, பேச்சு வழக்கு, இவைதான் தடயம். மூன்று பேரின் கதி சரியாகப் பொருந்தினால்தான் விளையாட்டு ஒப்புக்கொள்ளும். குருட்டாம்போக்கில் அடித்துவிட்டுப் போக முடியாதபடி எவ்வளவு அழகான ஏற்பாடு!

8 ஜூன், ஞாயிறு

அவுட்டர் வைல்ட்ஸ் என்ற கணினி விளையாட்டைப் பற்றி எழுத வேண்டும் என்று வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். 2019இல் வந்தது. ஒரு குட்டிச் சூரியக் குடும்பம், 22 நிமிடம் ஆனதும் சூரியன் வெடிக்கிறது. மறுபடி முதலிலிருந்து எழுந்திருக்கிறோம். புது ஆயுதம் கிடையாது, சக்தி ஏறுவதும் கிடையாது. கடைசிக் கட்டத்துக்குப் போகத் தேவையான எல்லாம் முதல் நிமிடத்திலேயே நம் கையில் இருக்கின்றன. தெரியாததுதான் ஒரே பூட்டு. மற்ற விளையாட்டுகளில் கதாநாயகன் வளர்கிறான். இதில் அவன் அப்படியேதான் இருக்கிறான், விளையாடுகிற எனக்குத்தான் விஷயம் பிடிபட்டுக்கொண்டே போகிறது.

அதனால்தான் நண்பர்கள் வழி கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன். கல்லாக இருக்கிறாயே என்று கோபித்துக்கொள்கிறார்கள். இருக்கட்டும். நான் ஒரு வரி சொன்னால் அவர்களுக்கு வர வேண்டிய ஒரு கண்டுபிடிப்பு போய்விடும். அதைத் திருப்பித் தர என்னால் முடியாது.

ஒன்று மட்டும் சொல்கிறேன், இது எதையும் கெடுக்காது. கையில் ஒலி பிடிக்கும் கருவி ஒன்று இருக்கிறது. வானத்தில் ஒரு பக்கம் திருப்பினால் பாஞ்சோ, இன்னொரு பக்கம் ஹார்மோனிகா. வெவ்வேறு கிரகங்களில் தனித்தனியே உட்கார்ந்திருக்கும் பயணிகள் வாசிப்பது அது. விண்கலத்தை எடுத்துக்கொண்டு வெகுதூரம் வெளியே போய்த் திரும்பிக் கருவியைப் பிடித்தால் எல்லாம் ஒரே நேர்கோட்டில் வந்து ஒரே பாட்டாகக் கேட்கும். அவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை, தாளம் மட்டும் தப்பவில்லை. இப்படிச் செய்து பார் என்று விளையாட்டு யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. தோன்றியவர்களுக்குக் கேட்கும்.

9 ஜூன், திங்கள்

2021இல் அவுட்டர் வைல்ட்ஸுக்கு வந்த இணைப்புக் கதையை இன்னும் தொடவில்லை. அதில் ஒரு பெரிய பகுதியைச் சொற்களே இல்லாமல் படச்சுருள்களை வைத்து மட்டும் சொல்கிறார்களாம். இதற்கு மேல் யார் சொன்னாலும் கேட்டுக்கொள்ளப் போவதில்லை. வெள்ளிக்கிழமை இரவு ஆரம்பிக்கிறேன்.